வெயிலில் காய்ந்த தட்டுகள்

எலவனாசூர்கோட்டையில் இப்போது களை பறிக்கப் போகும் காசியம்மாளிடம் பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருஷம் தினக்கூலிக்கு இருந்தாள். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவாள். வேலை முடிந்த கிருமிகளை ஆட்டோகிளேவ் என்கிற ராட்சத குக்கரில் வேகவைத்துக் கொல்வாள். எட்டு மணி பஸ், மின்விசிறிக் காற்று, அங்கே அடிக்கும் கஞ்சி வாடை, எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் ஏங்குகிறாள்.

அங்கே ஆராய்ச்சி செய்த சந்தியா அவளிடம் எல்லாவற்றையும் சொல்வாள். புற ஊதா விளக்கில் காட்டினால் கிருமியின் டிஎன்ஏ பழுதாகும். அதை நகலெடுக்கும் வழக்கமான பாலிமரேஸ் என்ற நொதி, பழுதைக் கண்டதும் நின்றுவிடும். அப்போது இன்னொரு பாலிமரேஸ் வரும். வேலை அவ்வளவு சுத்தமில்லை, பிழைகள் ஜாஸ்தி. ஆனாலும் எப்படியோ தாண்டிப் போய்விடும், கிருமி பிழைத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது பாலிமரேஸ் இல்லாத கிருமி ஒன்றை இரண்டு வருஷம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள் சந்தியா. விளக்கில் காட்டினால் அது பெரும்பாலும் சாக வேண்டும்.

பாழாய்ப் போனது சாகவில்லை. விளக்கில் காட்டிய மூன்று முறையும், கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு நிறைய முளைத்து நின்றது.

"வெளிச்சம் பட்டுச்சா?" என்று அதட்டினார் பேராசிரியர் இளமாறன். "வெளிச்சம் பட்டா அதைக் கொண்டே பழுதை சரி பண்ணிக்கும்."

"இல்லங்க சார், கறுப்புத் துணி சுத்திதான் வெச்சேன்."

"அப்ப உன் கிருமிதான் தப்பு."

மேசை துடைத்துக்கொண்டிருந்த காசியம்மாளுக்குத் தான் செய்தது புரிந்துவிட்டது. களத்தில் நெல் காயவைத்தே வளர்ந்தவள் அவள். ஈரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. தட்டு மூடிகளில் நீர் கோத்திருக்கிறதே என்று, துணியைப் பிரித்து மூன்று முறையும் ஜன்னல் வெயிலில் அரை மணி நேரம் வைத்து எடுத்திருந்தாள். புண்ணியத்துக்குச் செய்ததுதான். ஆனால் ஒரு குடுவை உடைந்ததற்கே ஆளை வேலையிலிருந்து நிறுத்தியவர் இளமாறன். அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

மறுநாள் சந்தியா தான் உருவாக்கிய கிருமி இருந்த குழாய்ப் பெட்டியை நீட்டினாள். கண் வீங்கியிருந்தது.

"வேக வெச்சுடுங்கக்கா. ரெண்டு வருசம் வீணாப் போச்சு."

காசியம்மாள் பெட்டியை ஆட்டோகிளேவுக்குள் வைத்து மூடியைத் திருகினாள். சுவிட்சையும் போட்டாள். தண்ணீர் சூடேறும் சத்தம் கேட்டதும் சட்டென்று அணைத்தாள். பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டு நேரே இளமாறனின் அறைக்குப் போனாள்.

"சந்தியா பாப்பா மேல தப்பு இல்லீங்க. நாந்தான் தட்டை வெயில்ல வெச்சிக்கினு இருந்தேன்."

அன்று சாயங்காலமே வேலை போயிற்று.

பத்து நாள் கழித்து, களத்துமேட்டில் இருந்தவளுக்குச் சந்தியாவின் போன் வந்தது.

"அக்கா, செத்துப்போச்சுக்கா! இருட்டுல வெச்சேன், தட்டுல ஒண்ணோ ரெண்டோதான் இருக்குது!"

"அப்பாடா," என்று சிரித்தாள் காசியம்மாள். பிறகு தயங்கிக் கேட்டாள். "தட்டெல்லாம் இப்ப யாரு கழுவறாங்க?"

"நாந்தாங்கக்கா."

"வெந்நியில ஊறப்போட்டுக் கழுவு பாப்பா, இல்லாட்டி தேய்ச்சுத் தேய்ச்சே கை புண்ணாயிடும்," என்றாள்.