விறாந்தையில் விளைந்த உப்பு

என் கணவரிடம் உப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வரும்வரை ஆனையிறவு உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். குழம்பை வாயில் வைக்காமல் மணத்தைக் கொண்டே உப்புக் கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார். பாதி நாள் பிழையாகத்தான் சொல்வார். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் சோறு ஆறிவிடும்.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம் அது. கொழும்பில் ஓர் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்த என் தம்பி, ஆடி மாதம் வவுனியா நெளுக்குளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும், மூடி போட்ட வாளியில் ஒரு தோல் பவளமும் கொண்டுவந்தான். கல்லாக இறுகாத, காளான் மாதிரிக் குடை விரிக்கும் பவளம். கடைத் தொட்டியில் வளர்ந்த பெரிய ஒன்றிலிருந்து வெட்டிய துண்டு. வீட்டு முன் விறாந்தை மூலையில் தொட்டியை வைத்து, விளக்குப் போட்டு, மூன்றாம் நாள் பார்த்தால் குடை முழுக்கச் சின்னஞ்சிறு பூக்கள் எட்டிப்பார்க்கின்றன. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் தேவைக்கென்று சேர்ந்த சாமான்கள். அழகுக்கென்று மட்டும் வந்தது அந்தப் பவளம்தான். அது என்னுடையது என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன்.

"இது லேசில சாகாது அக்கா," என்றான் தம்பி. "ஆனா பொங்கலுக்கு வரேக்க வாடிக் கிடந்தா, நான் திருப்பிக் கடைக்குக் கொண்டு போயிடுவன்."

தண்ணீரை என் கணவர் உடனே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் அல்லவா. முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றிவரும் லொறிச் சாரதி ஒருவரைப் பிடித்து, வாரம் இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல்நீர் வரவழைத்தார். முதல் தடவை சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் கானைத் திறந்து முகர்ந்து, நம்பாமல் நக்கிப் பார்த்துக் காறித் துப்பினானாம். அதற்குப் பிறகு அந்தக் கானை யாரும் திறக்கச் சொன்னதில்லை.

அந்த வருடக் கச்சான் காற்று அனலாக வீசியது. தொட்டித் தண்ணீர் நாளுக்கு ஒரு விரற்கடை வற்றும். காலையில் தேநீர் குடிக்க முன்பே என் கணவர் கானைச் சரித்து, வற்றிய அளவுக்குக் கடல்நீர் ஊற்றுவார். தண்ணீர் சுடுகிறது என்று சொல்லி, எங்களிடம் இருந்த ஒரே மேசை ஃபானையும் தொட்டியின் பக்கம் திருப்பிவிட்டார். நாங்கள் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டோம்.

புரட்டாதி பிறக்கும்போது பவளம் சுருங்கிவிட்டது. ஒரு பூவைக் காணோம். பழைய செருப்புத் தோல் மாதிரி மடங்கிக் கிடந்தது. புதுத் தண்ணீர் போதவில்லை என்றார் இவர். வாரம் மூன்று கான் வந்தது. அது இன்னும் சுருங்கியது. பொங்கலுக்கு எத்தனை நாள் என்று நான் கலண்டரைப் பார்க்கத் தொடங்கினேன்.

தொட்டியின் விளிம்பில் தினமும் வெள்ளையாகப் படியும். நானும் தினமும் துடைப்பேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் அப்படித்தான் படியும் என்பதால் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ஒருநாள் துணியும் கையுமாக நிற்கும்போதுதான், இந்தத் தொட்டிக்குள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் போகவில்லையே என்று உறைத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. குசினியில் அடுப்பில் வைத்த ரசம் வற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் செம்பில் பச்சைத் தண்ணீரை எடுத்தவள், அதை ஊற்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். வற்றிய ரசத்துக்கு யாராவது உப்புத் தண்ணீர் விடுவார்களா?

இவரிடம் போய்ச் சொன்னேன். கடல் சீவனுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கே செத்துவிடும் என்றார். பிறகு, "உமக்கு ரசந்தான் தெரியும்," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கடல் தண்ணியப் பாத்தியில கட்டி, வெயிலையும் காத்தையும் விட்டு, வத்த வத்தத் திரும்பக் கடல் தண்ணிய விட்டா என்ன விளையும்? நீங்களே சொல்லுங்கோ," என்று கேட்டேன்.

விறுக்கென்று போய் அலுமாரியைத் திறந்தார். வேட்டிகளுக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது, அடியில் ஈயக் குண்டுகள், பக்கத்தில் கோடுகள். உப்பளத்தில் தண்ணீரின் உப்பை அளப்பது. இடம்பெயர்ந்தபோது நான் ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வந்தேன், அவர் அதை விடவில்லை. யாரையும் தொட விட்டதும் இல்லை. என் வாயை அடைக்கவென்று அதைத் தொட்டிக்குள் இறக்கினார். கடல் என்றால் மூன்றரையில் நிற்க வேண்டும். அது ஐந்தில் நின்றது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி இறக்கினார். ஐந்துதான்.

பிறகு எழும்பிப்போய் ஃபானை நிறுத்தினார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை விடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, நல்ல வேளையாக மழை தொடங்கியது. முதல் மழை கூரையைக் கழுவட்டும் என்று விட்டு, இரண்டாம் மழையில் கிடாரத்தை வைத்துப் பிடித்தேன். ஒரேயடியாக மாற்றினால் தாங்காது என்று தினமும் ஒரு செம்பு எடுத்து, ஒரு செம்பு மழைத்தண்ணீர் விட்டேன். இவர் தினமும் குழலை இறக்கி அளந்தார்; அளவு மூன்றரைக்கு இறங்க மூன்று கிழமை ஆனது. அப்போது பார்த்துப் பவளத்தின் மேல் மெழுகு மாதிரி ஓர் ஆடை படர்ந்தது. செத்துப் போச்சு, தம்பிக்குச் சொல்லுவோம் என்றார் இவர். தொடவே கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஐந்தாம் நாள் ஆடை தானாகக் கழன்று மிதந்தது. அடுத்த நாள் காலையில் குடை விளிம்பில் ஒரு வரிசை பூ. பின்னேரத்துக்குள் குடை முழுக்கப் பூ. வந்த நாளில் இருந்ததைவிடப் பெரிதாக விரிந்து நின்றது. சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சோறு அடிப்பிடித்தது.

பொங்கலுக்குத் தம்பி அதே மூடி போட்ட வாளியோடு வந்து இறங்கினான். தொட்டியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை.

"அத்தான், தண்ணியை எப்பிடிப் பாத்தனீங்கள்?" என்று கேட்டான்.

உப்பளத்துக் கதை தொடங்கப்போகிறது என்று நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். இவர் எழும்பி உள்ளே போனார். கண்ணாடிக் குழலைக் கொண்டுவந்து, தம்பி பார்க்க என் கையில் வைத்தார்.

"தண்ணி அக்காவின்ர பொறுப்பு. அவாவைக் கேள்."

அன்றுதான் அதை முதன்முதலாகக் கையில் பிடித்தேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மெல்லத் தொட்டிக்குள் இறக்கினேன். மூன்றரையில் நின்றது. தம்பி வெறும் வாளியோடு கொழும்புக்குத் திரும்பினான்.