எட்டேழு கேட்ட சரோஜா டீச்சர்

இல்லை, என்னிடமும் சொல்லவில்லை. இரங்கல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது உங்களில் பலர் அதைத்தான் கேட்டீர்கள். உடம்பு முடியவில்லை என்று சரோஜா டீச்சர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. எங்களுடையது இரண்டே ஆசிரியைகள் உள்ள பள்ளி. ஒரே கூடம். நடுவில் ஒரு கரும்பலகைதான் தடுப்பு. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இருமல் கேட்கும். சாக்பீஸ் தூசி என்பார். மறுபடி பாடம் தொடங்கிவிடும்.

செய்தி பஸ்ஸில் வந்தது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் காலை வண்டி. நாங்கள் இருவரும் தினமும் ஏறும் வண்டி. அன்று அவர் நிறுத்தத்துக்கு வரவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர் என் அருகில் வந்ததும் நின்றார். "கணக்கு டீச்சரு விடியக்காலைல போய்ட்டாங்கம்மா. உனுக்கு யாரும் சொல்லலியா?" டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். இரண்டு பக்கமும் வயல். திரும்பிப் போகும் வண்டி வர நேரமாயிற்று.

பட்டணத்தில் எம்.ஏ. படித்தவள் நான். ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். கிடைத்த வேலை இது. சேர்ந்த முதல் வாரம், கடைசி மணியில் பிள்ளைகள் எழுந்து நின்று வாய்ப்பாடு சொன்னார்கள். ஒருவன் முன்னால் நின்று "ஓரேழு ஏழு" என்பான். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அதற்கு ஒரு ராகம் உண்டு. மூவேழில் ஏறும். ஏழேழில் இறங்கும். ஏரிக்கரை வரை கேட்கும். எனக்கு அழகாக இருந்தது.

சரோஜா டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். முன்வரிசைப் பையனிடம் கேட்டார்: "எட்டேழு?"

அவன் உதடுகள் அசைந்தன. ஓரேழிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தான். ஆறேழில் தடுக்கியது. மறுபடி ஓரேழுக்குப் போனான். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே. கூடம் முழுவதும் முணுமுணுப்பு. எல்லோரும் ஓரேழிலிருந்து ஓடி வந்து எட்டேழைத் தாண்டப் பார்த்தார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் சொன்னார்: "வாய்ப்பாடு டவுன் பஸ் மாதிரி. எந்த ஸ்டாப்புல வேணும்னாலும் ஏறத் தெரியணும். நம்ம பசங்க ஷெட்டுக்குப் போய்த்தான் ஏறுதுங்க."

மறுநாளிலிருந்து பாட்டு இல்லை. கேள்வி மட்டும். அதுவும் வரிசை இல்லாமல். எட்டேழு, மூவேழு, ஒன்பதேழு, நாலேழு. பதில் வரும்வரை காத்திருப்பார். அவர் காத்திருக்கும்போது கூடத்தில் பல்லி கத்துவது கேட்கும்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளின் சத்தம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்பது ஊரின் அளவு. ஏரிப் பாசனத்தில் பாதி வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"இன்னா டீச்சரம்மா, ஒரு வாரமா சத்தமே காணோம். பசங்கள தூங்க வச்சுக்கினு கீறீங்களா?"

"யோசிச்சுக்கினு கீறாங்க நைனா."

"அத்த கொஞ்சம் சத்தமா யோசிக்கச் சொல்லுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். ஆனால் பாட்டு திரும்பவில்லை.

"கைக்கு லீவு" என்பது அவருடைய இன்னொரு சொல். கணக்கு கேட்கும் முன் அதைச் சொல்வார். பிள்ளைகள் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். விரல்விட்டு எண்ண வழியில்லை. சில நாள் கழித்துத்தான் கவனித்தேன், கால்விரல்கள் தரையில் ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. அவரிடம் சொன்னேன். "தெரியும். அதப் புடுங்காத. பத்துக்கு மேல காலும் கைவிட்டுடும். அப்புறம் தலையில ஏறிடும்" என்றார்.

முனியம்மாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடிசைகளிலிருந்து வந்தவள். நேராக மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பாட்டை நிறுத்திய வருடம் அது. அவள் தங்கியதற்குக் காரணம் நாங்கள் இல்லை, மழை. எங்கள் பக்கத்தில் ஏரி நிரம்பினால் வகுப்பு காலியாகும். பெண்பிள்ளைகள் நாற்றுப் பிடுங்கவும் நடவுக்கும் போய்விடுவார்கள். ஏரி வறண்டால் வகுப்பு நிறையும். தொடர்ந்து வறண்டது. முனியம்மா ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். அந்தக் குடிசைகளிலிருந்து அதற்கு முன் யாரும் வந்ததில்லை. "மழை வேணாம்னு சாமி கும்புடற ஒரே டீச்சர் நானாத்தான் இருப்பேன்" என்று சரோஜா டீச்சர் ஒருமுறை சொன்னார். சொன்னதும் முகம் மாறிவிட்டது. பிறகு அதைச் சொல்லவில்லை.

பெரியவரின் மருமகன் சென்னையிலிருந்து கால்குலேட்டர் கொண்டுவந்த நாள். உள்ளங்கை அளவுப் பெட்டி. பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். எட்டையும் ஏழையும் அழுத்தினார். ஐம்பத்தாறு வந்தது. முனியம்மா பெட்டியை வாங்கித் திருப்பி முதுகைப் பார்த்தாள். "இதுக்கு எந்த டீச்சரு?" என்று கேட்டாள். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். சரோஜா டீச்சர் சிரிக்கவில்லை. மருமகன் கிளம்பிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா, அந்தப் பொட்டி ஓரேழுலேர்ந்து வரல."

ஆறாம் வகுப்புக்கு உத்திரமேரூர் போகவேண்டும். தினமும் பஸ்ஸில் அனுப்ப முனியம்மாவின் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தால் அனுப்புவதாகச் சொன்னார்கள். கிடைக்காவிட்டால் வயல். பேச்சு அத்தோடு முடிந்தது. விடுதியில் ஒரே ஓர் இடம் இருந்தது. நாங்கள் இருவரும் அவளை அழைத்துக்கொண்டு போனோம். தலையில் எண்ணெய் வழிய, டீச்சர் வாங்கித் தந்த ரிப்பனோடு வந்தாள்.

சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்தவர் கெட்டவர் இல்லை. முதலில் பெயரை எழுதச் சொன்னார். எழுதினாள். பிறகு "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார்.

முனியம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எட்டேழு ஐம்பத்தாறு" என்றாள். "மூவேழு இருபத்தொண்ணு. ஒன்பதேழு அறுபத்துமூணு. நாலேழு இருபத்தெட்டு."

எல்லாம் சரி. எதுவும் வரிசையில் இல்லை. வாய்ப்பாடு என்பதை அவள் அப்படித்தான் கேட்டிருந்தாள். பாட்டை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னா இது, புளியங்கொட்டையக் கீழ கொட்டினாப்போல" என்றார் அவர். "மொதல்லேர்ந்து சொல்லு. வேகமா."

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. கேள்வி இல்லாமல், அந்த வேகத்தில், அதற்குப் பின் எது என்று அவளுக்கு வாயில் வரவில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் இன்னொரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தாள்.

"நடுவுல கேளுங்க சார்" என்றார் சரோஜா டீச்சர். "எது வேணும்னாலும் கேளுங்க. சொல்லுவா."

"வாய்ப்பாடு தெரியாத புள்ளைய நான் எப்பிடிம்மா எடுக்கறது? இன்னொரு வருஷம் அஞ்சாவதுலயே இருக்கட்டும். அடுத்த வருஷம் கூட்டிக்கினு வாங்க."

பின்னால் நின்ற பெண் ராகத்தோடு ஒரே மூச்சில் சொன்னாள். இடம் அவளுக்குப் போனது. அவளுக்கும் அது தேவையாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் பஸ்ஸில்தான். முனியம்மா ரிப்பனை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டு வந்தாள். இறங்கும் இடம் நெருங்கியபோது கேட்டாள்: "நான் தப்பா சொன்னனா டீச்சர்?" "இல்ல" என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கடைசி மணியில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஓரேழு ஏழு. அவரே முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்கு ராகம் வரவில்லை. மூவேழில் ஏறவேண்டிய இடத்தில் இருமினார். பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று, அவர் இருமி முடித்ததும் தொடர்ந்தார்கள். சைக்கிளில் போன பெரியவர் வாசலில் மணி அடித்துவிட்டுப் போனார். பாராட்டு.

முனியம்மா சில வாரம் வந்தாள். அந்த வருடம் மழை பெய்தது. ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலில் தண்ணீர் வழிந்தது. ஊரே போய்ப் பார்த்தது. டீச்சரும் நானும்கூடப் போனோம். கரையில் நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. முனியம்மா பிறகு வரவே இல்லை. டீச்சர் குடிசை வரை போய்ப் பார்த்தார். நடவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி போனார். மறுபடி அதையே சொன்னார்கள்.

பாட்டில்லாத கேள்விகளை அவர் முழுக்க விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். காலையில் கேள்வி, மாலையில் பாட்டு. "ஒண்ணு கணக்குக்கு. இன்னொண்ணு கேக்கறவங்களுக்கு" என்றார். ஆனால் காலையில் முன்போல் காத்திருக்கவில்லை. பதில் வர நேரமானால் அவரே சொல்லிவிடுவார்.

அவரை எடுத்துப் போன அன்று தெருமுனையில் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். வயலிலிருந்து நேராக வந்தவர்கள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. அவர்களில் ஒருத்தியை முதலில் அடையாளம் தெரியவில்லை. புடவை கட்டியிருந்தாள். அவளாகவே அருகில் வந்தாள்.

"டீச்சர், ஏழாம் வாய்ப்பாடு இப்ப வரிசையா வருது."

அப்போதுதான் தெரிந்தது, முனியம்மா.

"நாத்து நட்டுக்கினே பின்னால போவோம் இல்ல, அப்ப சொல்லிக்கினே போவேன். அதுவா வந்துடுச்சு. அவங்க கையில சொல்லணும்னு இருந்தேன்."

சொல்லிக் காட்டு என்று நான் கேட்கவில்லை. யாருக்காகக் கேட்பது? அவளும் சொல்லவில்லை. பறைச்சத்தம் தெருமுனைக்கு வந்ததும் மற்ற பெண்களோடு போய் நின்றுகொண்டாள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அதிகமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போய்விடுகின்றன. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் வைத்திருந்த அந்த அமைதி காதில் இருக்கிறது. முதல் சில வருடங்களின் அமைதி. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். புது ஆசிரியை வர நாளாகும் என்றார்கள். கரும்பலகையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்தேன். கடைசி மணியில் எழுந்து நிற்கச் சொன்னேன். முன்னால் நின்று, ஓரேழு ஏழு என்று வரிசையாகத் தொடங்கினேன்.