எல்லாக் கறுப்பும் ஒரே டப்பாவில்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு, ரங்கத் என்னும் தீவு ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அவர் கை படாமல் தப்பியிருந்த ஒரே இடம் என் தையல் அலமாரிதான். பருப்பு டப்பாக்களை இடம் மாற்றினார். கொல்லைக் கொடியை அவிழ்த்து வேறு மரத்தில் கட்டினார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு கல்யாணத்துக்காக நான் மாயாபந்தர் போய்த் தங்கிவிட்டு வந்தேன். அலமாரியும் தப்பவில்லை.

அந்த அலமாரியில் நான் வைத்திருந்ததெல்லாம் துணி முடிச்சுகள். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. ஒருத்திக்கு ரவிக்கை தைத்து முடித்ததும் மீந்த நூல், ஹூக், லைனிங் எல்லாவற்றையும் அதே ரவிக்கையின் வெட்டுத்துண்டில் வைத்து முடிந்துவிடுவேன். இங்கே ஒரு நிறத்தில் நூல் தீர்ந்துவிட்டால், மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பலில் வருவது அதே நிறமாக இருக்காது. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். உடம்பு பெருத்து, பிரித்துத் தைக்கக் கொண்டுவருகிறவளுக்கு நான் எங்கே போவேன்? முடிச்சைப் பார்த்தாலே அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அத்தனை முடிச்சையும் அவர் அவிழ்த்திருந்தார். நூல்கண்டுகள் பிளாஸ்டிக் டப்பாக்களில் இருந்தன. வெட்டுத்துண்டுகள் போன இடம் தெரியவில்லை.

“கலர் கலரா பிரிச்சு வச்சுட்டேன். கறுப்பு தனி, செவப்பு தனி. இனிமே நீ தேட வேணாம்” என்றார். மின்கம்பத்திலும் மீட்டர் பெட்டியிலும் வயர் நிறம் பார்த்தே சம்பாதித்தவர். நான் பாராட்டுவேன் என்று நின்றுகொண்டிருந்தார்.

கத்துவதா, சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. “நல்லாருக்குங்க” என்றேன். வாய்தான் சொன்னது.

மறுநாள் மத்தியானம் பக்கத்துத் தெரு பெங்காலிப் பெண் பட்டு ரவிக்கையோடு வந்தாள். முன்பு நான் தைத்துக் கொடுத்ததுதான், அடர் கத்திரிப்பூ நிறம். போர்ட் பிளேரில் அவள் தங்கைக்குக் கல்யாணம். “தீதி, தோடா டீலா கர் தோ. கல் சுபே பஸ் ஹை” என்றாள். கொஞ்சம் தளர்த்தித் தர வேண்டும், விடிந்தால் பஸ். கல்யாணத்துக்குப் போட அவளிடம் இருப்பது இது ஒன்றுதான். “ஹோ ஜாயேகா”, ஆகிவிடும் என்று பழக்கத்தில் சொல்லி அனுப்பிவிட்டு, தையலையும் மளமளவென்று பிரித்துவிட்டேன். அப்புறம்தான் முடிச்சு இல்லை என்பது உறைத்தது.

ஊதாவுக்கென்று டப்பாவே இல்லை. நீல டப்பாவில் ஆகாய நீலம் மட்டும் இருந்தது. சிவப்பில் பார்த்தேன், ரோஸில் பார்த்தேன். எங்கேயும் காணோம்.

“எதையாவது தூக்கிப் போட்டீங்களா?”

“ஒரு நூலக்கூடப் போடல. எல்லாம் அதுலதான் இருக்கு.”

கடைக்கு ஓடி ஒரு ஊதா வாங்கி வந்தேன். பட்டின் மேல் வைத்தால் தழும்பு மாதிரி தெரிந்தது. கை ஓரத் தையல் வெளியே தெரியுமே, கல்யாண வீட்டில் நாலு பேர் பார்ப்பார்களே. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் எல்லா டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய் வாசல் வெளிச்சத்தில் கொட்டினேன்.

கத்திரிப்பூ நூல் கறுப்பு டப்பாவிலிருந்து உருண்டு வந்தது. கூடவே கருநீலம், பாட்டில் பச்சை, காப்பிக்கொட்டை நிறம். நிஜக் கறுப்பு அதில் கொஞ்சம்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயர் நிறம் பார்த்துப் பிழைத்தவரா இப்படிப் பிரித்தார்? வேண்டுமென்றே விளையாடுகிறாரா? நூலை அவரிடம் நீட்டினேன்.

“இது என்ன கலருங்க?”

முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தார். “கறுப்புதானே?” என்றார். இப்போது சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

ஸ்கூட்டரைத் தொடாமல் விட்டிருந்தார். “நடந்தா ஒடம்புக்கு நல்லது” என்று சொல்லியிருந்தார். பேப்பரில் கப்பல் நேரத்தை என்னைப் படிக்கச் சொல்வார். நானும் சோம்பேறித்தனம் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்ததும் பயமாகிவிட்டது.

“எத்தன நாளா இப்படி?”

“ஆபரேஷன்னு சொல்லிருவாங்கன்னுதான் சொல்லல. வீட்டுல ஒனக்கு ஏதாவது ஒத்தாசையா இருக்கலாம்னு பாத்தேன். அதுவும் சரியா வரல போல.”

நூலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மிஷினில் உட்கார்ந்து ரவிக்கையைத் தைத்து முடித்தேன்.

சாயங்காலம் வந்த பெங்காலிப் பெண்ணுக்கு ரவிக்கை சரியாக இருந்தது. காலை பஸ்ஸில் எங்களுக்கும் ரெண்டு சீட் பிடித்து வைக்கச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

“நமக்கு எதுக்கு?”

“பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஒங்க கண்ணக் காட்ட.”

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. வாசலுக்கு வந்து, நான் கொட்டிய நூலெல்லாம் பரந்து கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரு கண்டை எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, என் பக்கம் நீட்டினார்.

“இது என்ன கலரு?” என்று கேட்டார்.