வெறுமையாய்த் திரும்பிய தட்டு

ஓலீட்டா பெரியம்மா யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அலபாமாவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில், கிராடியின் துணிக்கடையில் தொப்பி விற்றாள். வெள்ளைக்காரப் பெண்கள் வந்தால் கண்ணாடி முன் உட்காரவைத்து, தன் கையாலேயே தொப்பியை வைத்து, ஊசி குத்தி அழகு பார்ப்பாள். கறுப்பினப் பெண்கள் வந்தால் அளவு நாடாவைக் கொடுத்து அவர்களையே தலையை அளந்து சொல்லச் சொல்வாள். "இது ஒனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்மா." போட்டுப் பார்க்க விடமாட்டாள். அப்படியொரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியம்மாவின் விரல்களில் இருந்தது, சிரிப்போடு.

எங்களைப் போன்ற வெள்ளையர்களை மட்டுமே விற்பனைக்கு வைத்திருந்த அதே கடையில் கையுறை விற்றவள் கொரின். வெளியூர்க்காரி. வெளுத்த தோல், மெல்லிய குரல். மதியம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "கூடப் பொறக்கலையே தவிர இவ என் தங்கச்சிதான்" என்பாள் பெரியம்மா.

மாண்ட்கமரியில் கறுப்பர்கள் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்துகொண்டிருந்த குளிர்காலத்தில் ஹோமர் பெரியப்பா இறந்தார். எங்கள் ஊரில் சாவு வீட்டு அடுப்பை எரிய விடமாட்டார்கள். பெண்கள் ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுவருவார்கள், பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி. அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, அதுதான் முறை. மேசை கொள்ளாத கோழியும் பன்றித்தொடையும் இருக்க, பெரியம்மா கொரின் சுட்டுக் கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மட்டும்தான் தொட்டாள். "மத்ததெல்லாம் தொண்டையில எறங்க மாட்டேங்குதுடா" என்று அழுதபடி, பாத்திரத்திலிருந்தே கரண்டியால் எடுத்துத் தின்றாள்.

"நீங்க எதுக்கு அலையணும்? பாத்திரத்தை நானே வந்து எடுத்துக்கறேங்க்கா" என்று கொரின் பலமுறை சொன்னாள். பெரியம்மா கேட்கவில்லை. வெண்ணெய்க் கேக் சுட்டு, தன் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட தட்டில் வைத்து, கொரினின் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டாள். தபால்காரரிடம் வீட்டை விசாரித்துக்கொண்டு என்னைக் காரோட்டச் சொன்னாள். பருத்தி ஆலைக்குப் பின்னால் கடைசி வீடு.

கதவைத் திறந்தவள் கரிய நிறத்தில் ஒரு முதியவள். வேலைக்காரி என்று நினைத்து, "ஒங்க எஜமானியம்மா இருக்காங்களா?" என்றாள் பெரியம்மா.

உள்ளிருந்து கொரின் ஓடிவந்தாள். "அம்மா, நீ உள்ள போ."

இரண்டு முகங்களிலும் ஒரே முகவாய். எங்கள் ஊரில் தாய் கறுப்பினம் என்றால், எவ்வளவு வெளுத்திருந்தாலும் மகளும் கறுப்பினம்தான்.

"அக்கா, அம்மாவுக்கு ஒடம்பு முடியலைன்னு கூட்டிட்டு வந்தேன்." கொரினின் கை கதவை விடவில்லை. "இந்த வேலை போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் தெருவுலதான். தயவுபண்ணி..."

"நான் என்னத்தக் கண்டேன்?" பெரியம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள். "கேக் நல்லா ஆறட்டும், அப்புறம் வெட்டுடி கண்ணு."

காரில் ஏறியதும் கையுறையைக் கழற்றினாள்.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாமே பெரியம்மா." சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரே பெஞ்சுல ஒக்காந்துல்லடா சாப்பிட்டேன்!"

கறுப்பினச் சமையற்காரிகளின் கையால் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கொரின் சமைத்ததைத் தின்றது பெரியம்மாவைச் சுடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததுதான் சுட்டது.

மறுநாள் காலையில் முதலாளிக்குப் போன் செய்தாள். பாதிரியாரிடம் பேசும் அதே குரல். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவமில்லையா? அவ நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கொரின் கைப்பையை எடுத்துக்கொண்டு கடையை விட்டுப் போனாள். அன்று பெரியம்மா பெஞ்சைச் சோப்புப் போட்டுத் துடைத்ததாகக் கடையில் பெருமையாகச் சொன்னார்கள்.

சில நாள் கழித்துப் பூப்போட்ட தட்டு பெரியம்மா வீட்டு வாசலில் கிடந்தது. பளிச்சென்று கழுவி, பழைய செய்தித்தாளில் சுற்றி. உள்ளே ஒன்றுமில்லை.

"பாத்தியாடா, வெறுந்தட்டு! ஒரு ரொட்டித் துண்டாவது வச்சு அனுப்பத் தோணுச்சா? எவ்ளோ ஆசையா சுட்டுக் குடுத்தேன். முறை தெரியாத சனம்!"

பெரியம்மாவின் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. வெந்நீர் வைத்து அந்தத் தட்டை மறுபடி கழுவி என்னிடம் நீட்டினாள். துடைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் சாப்பிட வந்தார். அதே தட்டில்தான் கேக் வைத்தாள். "ஓலீட்டா மாதிரி மனசு யாருக்கு வரும்!" என்றார் அவர், வாய் நிறைய. நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.