நிலா வரும் பக்கம்

திருநெல்வேலியிலிருந்து களக்காட்டுக்கு பஸ்ஸில் போகிறோம். மகன் காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்ததற்காக என் மனைவி பௌர்ணமி விரதம் இருக்கிறாள். நிலாவைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இருட்டப் போகிறது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

எதிர் ஜன்னலில் ஒரு டீச்சரம்மா, கழுத்தில் சிலுவை. "அண்ணாச்சி, அக்காவுக்கு என்ன செய்யுது?"

சொல்கிறேன்.

"அங்கன இருந்தா மலையத்தான் பாக்கணும். நிலா எங்க பக்கம்லா வரும்!" எழுந்து இடம் கொடுக்கிறார்.

மூன்றடைப்பு தாண்டியதும் வயலுக்கு மேலே சிவப்பாக எழும்புகிறது. மனைவி நிலாவைக் கும்பிடுகிறாள். அப்படியே திரும்பி டீச்சரம்மாவையும் கும்பிடுகிறாள்.

"ஏ, என்னய எதுக்குக்கா? மொதல்ல தண்ணியக் குடிங்க!"

குடிக்கிறாள்.