பாட்டு எப்படா வரும்?

டீசல் வாடை. அது கூடவே, வெயில்ல காயுற உப்போட ஒரு மாதிரி கசப்பு... மரக்காணம் உப்பளத்துல எங்க எஞ்சின் ஷெட்டை நெனச்சா மொதல்ல மூக்குதான் அங்க போய் நிக்குது.

காலேஜ் முடிச்சிட்டு வேலை இல்லாம இருந்த காலம். "சும்மா தானே உக்காந்திருக்க, எஞ்சினையாவது பாத்துக்கோ"ன்னு அப்பா ஷெட்டுக்கு அனுப்பிட்டார். உப்புப் பாத்திக்கெல்லாம் தண்ணி இறைக்கிற பழைய டீசல் எஞ்சின். பொழுதுக்கும் டுபு டுபுன்னு ஓடிட்டே இருக்கும். நான் பக்கத்துல சாக்கை விரிச்சு, மடியில லேப்டாப்பை வச்சு, டிரம் அண்ட் பேஸ்னு ஒரு வகை மியூசிக் பண்ணிட்டிருப்பேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன்... டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும். அடியில பேஸ்னு ஒரு கனத்த சத்தம் வயித்தை ஆட்டும். பாடுற குரல் பெரும்பாலும் இருக்காது.

நம்ம ஊர்ல அதைக் கேக்க ஆள் ஏது? ஒரே ஒருத்தன் இருந்தான். கூனிமேடு யூசுப். கல்யாணத்துக்கெல்லாம் சவுண்ட் செட் போடுறவன். ஆர்டர் இல்லாத நாள்ல வந்து, ஒரு பக்க இயர்போனை வாங்கி காதுல மாட்டிக்குவான். கண்ணை மூடிட்டு இருப்பான். நான் அவன் மூஞ்சியையே பாத்துட்டிருப்பேன்.

"மச்சான்... பாட்டு எப்படா வரும்?"

"இதான்டா பாட்டு!"

"அப்படியா? சரி, ஓடட்டும்."

ஒவ்வொரு தடவையும் இதே கதை. கடுப்பா வரும். ஆனா முழுசா முடிஞ்சப்புறம்தான் இயர்போனை கழட்டுவான்.

அப்புறம் புதுச்சேரி பக்கம் பீச்ல ஒரு பார்ட்டி. சாயங்காலம் ஓப்பனிங் நான். சொந்த ட்ராக் போடு, நல்லா இருந்தா தொடர்ந்து கூப்பிடுறோம்னாங்க பார்ட்டி நடத்துறவங்க. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. யூசுப்தான், "மொதல்ல என் பாக்ஸ்ல போட்டு பாப்போம்"னு குட்டியானை வண்டியில ஸ்பீக்கரெல்லாம் ஏத்திட்டு உப்பளத்துக்கே வந்துட்டான். ஜெனரேட்டரை தூரமா ரோட்டோரம் வச்சு ஒயர் இழுத்தான்.

சுத்தமா கேக்கணும்னு எஞ்சினை நிறுத்திட்டு ட்ராக்கை போட்டேன்.

சப்புன்னு ஆயிடுச்சு. பேஸே இல்ல! டப்பாவை தட்டுற மாதிரி வெறும் டிரம்ஸ். பாக்ஸ் போயிடுச்சுன்னு நெனச்சு யூசுப் ஒயரை புடுங்கி புடுங்கி சொருகுறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. இத்தனை மாசம் பண்ணது இதானா...

அதுக்குள்ள அப்பா பாத்தியிலருந்து கத்திட்டே வர்றார்.

"டேய், தண்ணி பாயாம நிக்குது! எவன்டா எஞ்சினை நிறுத்துனது?"

வந்த வேகத்துல ஹேண்டிலை போட்டு சுத்தி ஸ்டார்ட் பண்ணிட்டார்.

ட்ராக் ஓடிட்டேதான் இருந்துச்சு. அந்த டுபு டுபு அடியில வந்து உக்காந்ததும்... அப்படியே ரொம்பிடுச்சு. நானும் யூசுப்பும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து பண்ணி பண்ணி, அதோட சத்தத்தையே என் பேஸ்னு நெனச்சிட்டு இருந்திருக்கேன்!

அன்னைக்கே எஞ்சின் சத்தத்தை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, இழுத்து, கனமாக்கி, ட்ராக்குக்கு அடியில போட்டேன். பீச்ல ஜனம் என்னமா ஆடுச்சு! யூசுப் ஸ்பீக்கர் பக்கத்தை விட்டு நகரவே இல்ல. திரும்பி வர்றப்ப பைக்ல பின்னாடி உக்காந்துட்டு சொல்றான்...

"நல்லாதான் இருந்துச்சு மச்சான். ஆனா கடைசி வரைக்கும் பாட்டு வரவே இல்லையேடா."

கீழ்புத்துப்பட்டு தாண்டுற வரைக்கும் சிரிச்சிட்டே வந்தோம்.

இப்போ சென்னையில சுவர் பூரா ஃபோம் ஒட்டுன ஒரு ரூம். ட்ராக்கெல்லாம் வெளிநாட்டு மியூசிக் லேபிள்ல வருது. அப்பா கரன்ட் மோட்டாருக்கு மாறிட்டார். யூசுப் துபாய்ல இருக்கான். இந்த ரூமுக்குள்ள நான் மூச்சு விடுறது எனக்கே கேக்குது. சில நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போயிடுது. தனியாத்தான் இருக்கேன், அதை மறைக்க என்ன இருக்கு?

போன வாரம் புது ட்ராக் வந்துச்சு. அதுலயும் அடியில அதே எஞ்சின்தான். கமென்ட்ல யார் யாரோ நெருப்பு எமோஜியா போட்டிருந்தாங்க. ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. யூசுப்புக்கு லிங்க் அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு. உடனே ரிப்ளையும் வந்துச்சு.

"சூப்பர் மச்சான்." கூடவே ஒரு கட்டைவிரல்.

பாவம், அங்க அவனுக்கு என்ன வேலையோ.

ஆனா அவன் ப்ளே பண்ணவே இல்லன்னு எனக்குத் தெரியும். பண்ணியிருந்தா... பாட்டு எப்படா வரும்னு கேட்டிருப்பான்.