ரேடியேட்டர் மூடியைத் திறந்தது யார்

வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கொடகொடவென்று சத்தம் வரும், யாரோ உள்ளே உட்கார்ந்து குடத்தைக் கவிழ்ப்பதுபோல. வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிற பழைய கார் அது. வைட்ஃபீல்ட் நெரிசலில் பாதி வழியில் நின்றுவிட்டால் அவளைத் தூக்கிக்கொண்டா ஓட முடியும்? எனக்குப் பயம். அந்தப் பயத்தையெல்லாம் எரிச்சலாக்கி அடுத்தவர்கள் மேல் கொட்டினேன்.

எங்கள் அபார்ட்மெண்டில் தடுக்கி விழுந்தால் என்ஜினியர் மேல்தான் விழ வேண்டும். சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் என்ஜினே போய்விட்டது என்று இரங்கல் செய்தி மாதிரி எழுதினார். இன்னொருவர் எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொன்னார். பஞ்சரான டயரைக் கழற்றக்கூட ஆள் கூப்பிடுகிற கூட்டம், வந்துவிட்டது யோசனை சொல்ல.

சர்வீஸ் சென்டர்காரன் அதற்கும் மேல். பானெட்டைத் திறக்காமலே டேப்லெட்டைத் தடவி, "வாட்டர் பம்ப் சேஞ்ச் பண்ணிடலாம் சார்" என்றான். ஏனென்று கேட்டதற்கு, "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது" என்றான். இந்த மூஞ்சியெல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறது பார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது காக்ஸ் டவுன் பக்கம் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. சர்ச்சை ஒட்டிய சந்தில் ஒரு ஷெட். அழுக்குப் பனியனும் வாய் நிறைய வெற்றிலையுமாக ஒரு மெக்கானிக். இவன் என்னத்தைக் கிழிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். "ஆறட்டும் சார், இப்ப தொறந்தா மூஞ்சி வெந்துடும்" என்று அரை மணி நேரம் வண்டியைத் தொடவே இல்லை. அம்மா பின்சீட்டில் சுருண்டு கிடந்தாள்.

ஆறியதும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்திலிருந்து எதையோ நகத்தால் நோண்டி எடுத்தான். பூக்கட்டும் நூல். அதில் காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று.

"மூடி சரியா உக்காரலை சார். வண்டி ஆறுறப்ப இந்த இடுக்குல காத்தை இழுத்துக்குது. அந்தக் காத்துதான் உள்ள சுத்தி சத்தம் போடுது, தண்ணி சரியா ஓடாம சூடும் ஏறுது. பம்ப்பு நல்லாத்தான் கீது. இதை யாரு தொறந்தது?"

நான்தான். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, பானெட்டுக்குள் குங்குமம் வைத்து, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, கையில் மாலையோடு மூடியை முறுக்கியவன் நானேதான். காது சுட்டது.

"சர்வீஸ் சென்டர்ல" என்றேன்.

"ஏசியில உக்காந்து வேலை பாத்தா இப்படித்தான்" என்று அவன் காறித் துப்பினான்.

பின்சீட்டில் அம்மா தலையைத் தூக்கினாள். அன்றைக்கு என் பக்கத்தில் நின்று மாலையை எடுத்துக் கொடுத்தவள் அவள். கட்டுப் போட்ட கையை மடியில் தாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஆமா தம்பி, அவங்கதான்" என்றாள்.